அனந்தலக்ஷ்மியின் ஒற்றை வாளி

டவுன் பஸ்ஸில் ஏறியதும் அனந்தலக்ஷ்மி முதல் வேலையாக வாளியை ஜன்னலோர சீட்டில் உட்கார வைப்பாள். தான் நிற்பாள். "வாளிக்கும் டிக்கெட்டா டீச்சர்?" என்று கண்டக்டர் இளித்தால், "இதுல வரப்போறது உன்னைவிட வாயடக்கம். பேசாம டிக்கெட்டைக் கிழி" என்பாள்.

மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். எண்பத்து மூன்றில் மழை பொய்த்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறாள். தண்ணீர் வற்றிச் சாகக் கிடப்பதில் எதையாவது பிடித்துவந்து, வீட்டுக் கிணற்றிலோ துணி துவைக்கும் தொட்டியிலோ விடுகிறாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாக வேண்டிய மன்னி ஸ்யாமளா இவளோடு பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது. "நிம்மதியா இருக்கு" என்கிறாள் இவள்.

தோளில் வாயகன்ற பிளாஸ்க் ஒன்று தொங்கும். உள்ளே டிகிரி காப்பி. அடேயப்பா, அதற்கு என்ன மடி, என்ன ஆசாரம்! தலைமையாசிரியை ஒரு நாள் ஒரு வாய் கேட்டதற்கு, "ரத்தம் வேணும்னா தரேன்" என்று சொல்லிவிட்டாள். மீன் பட்ட கையால் அதன் மூடியைக்கூடத் தொட மாட்டாள்.

எதைக் காப்பாற்றுவது? வேறெங்கும் கிடைக்காதது எதுவோ அதை. அழகு, ருசி, புண்ணியம் ஒன்றும் அவளிடம் செல்லாது. "மயிலுக்கு முருகன் சிபாரிசு, எலிக்குப் பிள்ளையார் சிபாரிசு. நாதியத்ததுக்கு நான்."

போன ஞாயிறு ஒரு கண்மாயில் முழங்காலளவு குட்டைதான் மிச்சம். அதில் சேற்று நிறத்தில், விரல் நீளத்தில், மீசை வைத்த மீன்கள் கொஞ்சம். வேறு எந்தக் கண்மாயிலும் அவள் கண்ணில் பட்டதில்லை. ஊரார் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

"கொழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. இதுக்கா டீச்சர் பஸ் ஏறி வந்தீக?" என்றான் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மொக்கையன்.

"மச்சாவதாரம் எடுத்த பெருமாளே இந்த மூஞ்சியை எடுக்கலை. அதான் நான் வந்தேன்."

மீன்களை வாளியில் விட்டு நிமிர்ந்தால், எதிரே மொக்கையனின் பெண்சாதி செல்லத்தாய். முந்தானையில் ஓர் ஆமை.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இங்கனதான் கெடக்கு டீச்சர். சாராயத்துக்குத் தொட்டுக்கிறதுக்கு இன்னைக்கு அறுக்கப் போறாய்ங்க. கொண்டுபோயிருங்க."

"வைகை நெடுக ஆமை இருக்கும்மா. வாளியில போட்டா மீனை முழுங்கிடும். ஒண்ணைத்தான் கொண்டுபோக முடியும், புரியறதா?"

"அம்புட்டுப் பெரிய மதுரையில இதுக்கு எடமில்லையா?"

அனந்தலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மதுரையில இருக்கு, வாளியிலதான் இல்லே!" ஆமை தலையை நீட்டிப் பார்த்தது. "நீ வேற பார்க்காதே, சனியனே" என்று அதை வைதாள்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அனந்தலக்ஷ்மி பிளாஸ்க்கைக் கழற்றினாள். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்காத காப்பியை வெடித்த தரையில் கவிழ்த்தாள். குட்டைத் தண்ணீரை ஊற்றிச் சூடு போக அலசி, மறுபடி நிரப்பினாள். மீன்களை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டாள்.

"அந்தத் தடியனை வாளியில போடு" என்றாள்.

பிறகு ஒரு கையில் வாளியைத் தூக்கி, பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, தளும்பாமல் நடந்துபோய் பஸ் ஏறினாள். மூடியை மட்டும் போடவில்லை.