இடைவேளை வரைக்கும் அடக்கிக்கோ

நகரப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்க்கும் பெண்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. கடைசி நிறுத்தத்தில் உருப்படியான கழிப்பறை இருந்தால் ஒரு மடக்கு. இல்லையென்றால் உதட்டை நனைப்பதோடு சரி. அப்படி வருடக்கணக்கில் அடக்கி அடக்கி, அடிவயிற்று எரிச்சலைத் தீராத சொத்தாகச் சேர்த்துக்கொண்டவள் இந்தக் கண்டக்டரம்மா.

சத்தமான ஆள். படியில் தொங்கும் வாலிபனை ஒற்றைப் பார்வையில் உள்ளே ஏற்றிவிடுவாள். ஆனால் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தால் மட்டும் அந்தக் குரல் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். இடம் கிடைக்க அலைந்த அலைச்சல் அப்படி.

மகள் இரண்டாம் வகுப்பு. ஆளும் சின்னது, குரலும் சின்னது. அதனால் பேருந்தின் டிரைவர் அண்ணன் அவளுக்குச் 'சில்லறை' என்று பேர் வைத்தார். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டு பள்ளி திறந்ததும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான விதிமுறைகள் என்று ஒரு கையேடு வந்தது. நகம் எப்படி வெட்ட வேண்டும், ரிப்பன் என்ன நிறம், பெற்றோர் கேட்டுக்கு வெளியே எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதிகள். வண்டி கிளம்பும் அவசரம். கண்டக்டரம்மா அதை எஞ்சின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நாளில் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வர ஆரம்பித்தது.

"வெயில்ல காஞ்சு கருவாடா வர்ற. ஒரு வாய் தண்ணி குடிச்சா என்னடி?" என்று திட்டினாள். சில்லறை பையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விட்டது.

பிறகு காய்ச்சல் வந்தது. சிறுநீர் போகும்போது குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதது. பரிசோதித்த டாக்டரம்மா, தொற்று என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடமே கேட்டார்.

"ஸ்கூல்ல ஒன்னுக்குப் போவியா பாப்பா?"

சில்லறை அம்மாவைப் பார்த்தது. "இன்டர்வெல்லுக்குத்தான் விடுவாங்க. அப்போ பெரிய கிளாஸ் பசங்க தள்ளிவிட்டு முன்னாடி போயிடுவாங்க. நான் போறதுக்குள்ள பெல் அடிச்சிரும். ஆயா கக்கூஸைப் பூட்டிருவாங்க. தண்ணி குடிச்சா வரும்ல, அதான் குடிக்கல."

வீட்டுக்கு வரும் வழியில் மீதியும் வந்தது. ஒரு நாள் அடக்க முடியாமல் பெஞ்சிலேயே போய்விட்டதாம். மிஸ் துணி கொடுத்தார்களாம்.

"மாத்திக்கவா?"

"இல்லம்மா. தொடைக்க. நானே தொடைச்சேன்."

கண்டக்டரம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பேருந்தில் தனக்கு நேர்ந்ததையெல்லாம் தலையெழுத்து என்று விழுங்கியவள்தான். ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் கையில் துணியைக் கொடுத்து, அத்தனை பிள்ளைகள் பார்க்க அதன் மூத்திரத்தை அந்தக் கையாலேயே துடைக்க வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சீருடையோடேயே தலைமையாசிரியை முன் போய் உட்கார்ந்தாள்.

"ரூல் எல்லாருக்கும் ஒன்னுதாம்மா," என்றார் தலைமையாசிரியை. "ஒரு புள்ளைய விட்டா மொத்த கிளாஸும் கெளம்பிரும். போன வருஷம் பைப்பைத் திறந்து விளையாடி ஒருத்தன் வழுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டான். அப்போ எங்களைத்தானே கேட்டாங்க? கட்டுப்பாடு இந்த வயசுலயே பழகணும்."

"மூத்திரத்துல என்ன மேடம் கட்டுப்பாடு?"

"வார்த்தையப் பாத்துப் பேசுங்க. கையேட்டுல இந்த ரூலும் இருக்கே, எல்லாம் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "டாக்டர் சீட்டு கொண்டு வாங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் தனியா அனுமதி குடுக்கச் சொல்றேன்."

ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரராக இருக்கும் கணவருக்கு அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. "நம்ம புள்ளைக்கு வழி பொறந்துருச்சுல்ல. சீட்டக் குடுத்துட்டு வேலையப் பாரு."

"அப்போ மத்த புள்ளைங்க? நோவு வந்து படுத்தப்புறம்தான் கக்கூஸ் போகணுமா?"

"ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் நீதான் அம்மாவா?"

மறுநாள் அவள் மகளுக்காகச் சீட்டைக் கொடுத்தாள். ஆனால் கணவர் சொன்னபடி அதோடு விட்டுவிடவில்லை. மாலையில் கேட்டுக்கு வெளியே நிற்கும் தாய்மார்களிடம் பேசினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். "நீங்க கூட்டத்துல ஆரம்பிங்கக்கா, நாங்க பின்னாடியே எந்திரிக்கிறோம்" என்றார்கள்.

பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை. டூட்டியை மாற்றிக்கொண்டு போனாள். ஒழுக்கத்தைப் பற்றித் தலைமையாசிரியை பேசி முடிப்பதாக இல்லை. இவள் எழுந்து விஷயத்தைச் சொன்னபோது, தலையாட்டிய தாய்மார்கள் எல்லாரும் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தனிப்பட்ட புகாரை இங்கே பேச வேண்டாம். உக்காருங்க," என்றார் தலைமையாசிரியை.

அவள் உட்காரப் போன அந்த நேரம், முன்வரிசைப் பெற்றோரில் எலக்ட்ரீஷியன் ஒருவர் நெளிந்துகொண்டே எழுந்து ஆயாவின் காதில் ஏதோ கேட்டார். ஆயா இடுப்பிலிருந்து கழிப்பறைச் சாவியை எடுத்துக்கொண்டு அவரை அழைத்துப் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்டக்டரம்மா உட்காரவில்லை. பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும் அந்தக் குரல் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது.

"மேடம், அந்த அண்ணன் எங்க போறார்னு ஏன் கேக்கல? கூட்டம் முடியட்டும், அடக்கிக்கோன்னு ஏன் சொல்லல? சொல்ல மாட்டீங்க. சொன்னா அவமானம்னு உங்களுக்குத் தெரியும். பெரியவங்கன்னா சாவி தானா வருது, குழந்தைன்னா துணியக் குடுத்துத் தொடைக்கச் சொல்றீங்க. இது என்ன நியாயம்?"

திரும்பி வந்த எலக்ட்ரீஷியன், அத்தனை கண்களும் தன்மேல் இருப்பதைக் கண்டு வாசலிலேயே விழித்தார். "எனக்குச் சுகர் இருக்குங்க," என்றார். கூட்டம் சிரித்தது. அவர் போன பிறகு கண்டக்டரம்மா கேட்டதைப் பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"என் பையனும் பாட்டில அப்படியேதான் கொண்டு வர்றான். தண்ணி புடிக்கலன்னு நெனச்சு ஜூஸ் போட்டுக் குடுத்தேன். அதையும் கொண்டு வந்தான்."

அப்புறம்தான் பைகளிலிருந்து பார்வைகள் மேலே வந்தன. "என் பொண்ணு லீவு நாள்ல மட்டும்தான் வயிறு நெறையத் தண்ணி குடிக்குது," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சொல்ல வந்து அழுதுவிட்டாள். தலைமையாசிரியை, நிர்வாகத்திடம் பேசிச் சொல்வதாகக் கூறிக் கூட்டத்தை முடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கழிப்பறைக் கதவின் பூட்டு எடுக்கப்பட்டது. கையேட்டில் 'இடைவேளையில் மட்டுமே கழிப்பறை' என்ற விதியின்மேல் 'அவசியமெனில் வகுப்பாசிரியரின் அனுமதியுடன்' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டது. தவறு நடந்துவிட்டது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கண்டக்டரம்மாவுக்கு மட்டும் 'கக்கூஸ் அம்மா' என்ற பட்டம் கிடைத்தது.

ஒரு மாலை வகுப்பு மிஸ் அவளிடம் தணிந்த குரலில், "எனக்கும் அந்த ரூல் புடிக்காதுங்க. நீங்க பேசுனது நல்லதாப் போச்சு," என்றார்.

"புடிக்காதுன்னா ஏன் மிஸ் என் புள்ள கையில துணியக் குடுத்தீங்க?"

மிஸ் தலைமையாசிரியையின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நடத்துநருக்கும் மேலதிகாரிகள் உண்டு. அந்தப் பயம் என்னவென்று அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் மன்னிக்க மனம் வரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மருந்தில் நோய் தீர்ந்தது. பாட்டிலும் பாதியாவது காலியாகி வருகிறது. ஆனால் இப்போதும் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சில்லறை எழுந்து நின்று கையைத் தூக்குகிறது. "அம்மா, போகட்டுமா?"

"இதுக்கெல்லாம் யாரையும் கேக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? போடி," என்று கத்துகிறாள் கண்டக்டரம்மா. குழந்தை ஓடிய பிறகும் அவள் கோபம் அடங்க வெகுநேரம் ஆகிறது.