வலை அடைத்த டயர்

காற்றில்லாத டயர் கிரவல் றோட்டில் ஓடினால் ஒரு சத்தம் வரும். ஈரச் சாக்கை யாரோ விடாமல் தரையில் அடிப்பதுபோல ‘தொப், தொப்’ என்று அது எங்கள் முகாமின் கடைசித் தறப்பாள் கொட்டில்வரை கேட்கும். கேட்டதும் அம்மா அடுப்பை விட்டு எழுந்துவந்து, அக்கா முழுசாக வந்து சேர்ந்தாளா என்று பார்த்த பிறகுதான் மறுபடி குந்துவார்.

சுனாமி கல்குடாவில் எங்கள் வீட்டையும் அப்பாவின் தோணியையும் கொண்டுபோய்விட்டு, எவருடையதோ ஒரு சைக்கிளைத் தாழம் புதருக்குள் எறிந்துவிட்டுப் போயிருந்தது. செயின் இல்லை, ரியூப் இல்லை, தேடி வந்த சொந்தக்காரரும் இல்லை. அப்பா அதைத் தூக்கி வந்தது அக்காவுக்காக. அந்த நாட்களில் ஊரில் ‘புள்ள பிடி’ நடந்துகொண்டிருந்தது. சண்டைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் வான் வண்டியில் வந்து, நடந்துபோகிற பெடியன் பெட்டைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். கலியாணம் முடித்த பெட்டைகளை விட்டுவிடுவார்கள் என்றொரு நம்பிக்கை இருந்ததால், பதினாறு வயது அக்காவுக்கு அம்மா மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். சைக்கிள் ஓடினால் அவள் படிக்கட்டும், ஓடாவிட்டால் உன் விருப்பம் என்றார் அப்பா. அந்த இரும்புக் குவியலை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா உடனே சம்மதித்தார்.

சைக்கிளின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருநூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பிரபு செய்த முதல் வண்டிக்குப் பெடலே இல்லையாம். மரச்சட்டத்தில் குந்திக்கொண்டு காலால் நிலத்தை உந்தி உந்தி ஓடினாராம். அக்காவும் முதல் கிழமைகளில் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனாள். அடுத்த கொட்டில் வதனி அவளுடைய வகுப்புத்தான். பின்னால் ஓடி ஓடித் தள்ளிக்கொடுப்பாள், இரண்டும் சிரித்துக்கொண்டே போகும். பிறகு ஓட்டமாவடியில் ஒரு முஸ்லிம் நானா தன் பழைய சைக்கிளின் செயினைக் கழற்றித் தந்தார். அக்கா பெடலை உழக்கத் தொடங்கினாள், வதனி பின்தங்கினாள்.

காற்றடைத்த டயர் சைக்கிளுக்கு வந்தது கடைசியில்தான் என்கிறது புத்தகம். மிருக வைத்தியர் ஒருவர் தன் மகனின் சின்னச் சைக்கிளுக்குச் செய்து பார்த்தாராம். அதற்குமுன் இரும்புப் பட்டையும் கெட்டி ரப்பரும்தான். எங்கள் சைக்கிள் அந்தக் காலத்திலேயே நின்றது. நிவாரணத்தில் காற்றடிக்கும் பம்பு வந்தது, ரியூப் வரவில்லை. கொடுக்கிறவர்களின் மூளையை என்னவென்று சொல்ல! அப்பா தன் கிழிந்த வலையைக் கயிறாக முறுக்கி டயருக்குள் இறுக்கி அடைத்தார். அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்தார்: “பின்னால ஆரையும் ஏத்தாத மனே. பாரம் கூடினா வலை ஒரு பக்கம் ஒதுங்கி டயர் கழண்டிரும். மறுகா ரெண்டு பேரும் நடுறோட்டிலதான் நிப்பீங்க.”

அக்கா கேட்கவில்லை, ஒருநாள் வதனியை ஏற்றினாள். சோதனைச் சாவடி இருந்த சந்திக்குக் கிட்ட டயர் கழன்றது. அன்றைக்கு வான் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் வதனியே பின் கரியலில் ஏற மாட்டேன் என்றாள்.

“நீ போ கா, நான் பின்னால வாறன்.”

அப்படியே சில மாதம் போனது. ஒரு காலையில் அக்கா சந்தியைத் தாண்டியபோது எதிரே வான் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் உழக்கினாள். அன்று வகுப்பில் வதனியின் இடம் வெறுமையாகக் கிடந்தது. பின்னேரம் வதனியின் தாய் எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்று, “அவள் உன்னோட வரல்லியா மனே?” என்று மட்டும் கேட்டார்.

ஏறாவூர்க் கடைகளுக்கு ரியூப் வந்தது அதற்குப் பிறகுதான். அப்பா வலையை உருவிப் போட்டுக் காற்றடித்தார். இனி இரண்டு பேர் தாராளமாகப் போகலாம் என்று அவர் சொன்னதும், கரியலைக் கழற்றிவிடச் சொன்னாள் அக்கா. ஏனென்று அப்பா கேட்கவில்லை, கழற்றினார். எனக்குத்தான் அழுகை வந்தது.

சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் வதனி இல்லை. இப்போது அந்தச் சந்தியில் சோதனைச் சாவடியும் இல்லை, கிரவலும் இல்லை. காபட் போட்ட தார் வீதியில் பிள்ளைகள் தகப்பன்மாரின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகின்றன. அக்கா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியை ஆனாள். ஸ்கூட்டியில் போகும்போது தெருவில் நடந்துபோகிற எந்தப் பெட்டையைக் கண்டாலும், தெரிந்தவளோ தெரியாதவளோ, நிறுத்திவிடுவாள். அத்தானுக்கு அது பெரிய பகிடி. போன மாதம் ஒரு பிள்ளை, தான் பக்கத்து வீட்டுக்குத்தான் போவதாகச் சொல்லியிருக்கிறாள். “பறவாயில்ல, ஏறு புள்ள” என்று அவளை ஏற்றி, அடுத்த வீட்டுப் படலையில் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்தாளாம் அக்கா.