அண்ணை கூட்டி வென்ற ஆட்டம்

எங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. மூன்று தரம் தொடங்கினேன், மூன்று தரமும் பாதியில் பேனையை வைத்துவிட்டேன். ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணை நெல்லியடியில் பிறந்தவர். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எங்கள் ஐயா இளவயதிலேயே காலமானதால் உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திக் கனடாவுக்கு வந்தார். மிசிசாகாவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் அதே வேலைதான் செய்தார். அம்மாவையும் என்னையும் இங்கே எடுப்பித்ததும், என் கலியாணத்தை நடத்தி வைத்ததும் அந்த உழைப்பில்தான். அண்ணைக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அஜின்கோர்ட்டில் நாங்கள் அடுத்தடுத்த தெருவில் இருந்ததால் என் மகள் மதுரா இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக வளர்ந்தாள்.

அந்த மதுரா பள்ளிக்கூடத்தில் கேர்லிங் பழகத் தொடங்கினாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் பாரமான கல்லைப் பனித்தரையில் வழுக்கவிடுவார். மற்றவர்கள் அதற்கு முன்னால் வீடு கூட்டுகிற தும்புத்தடி போன்ற ஒன்றால் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். எதிரே வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்டப் போகிறதோ அவர்களுக்குப் புள்ளி.

பிள்ளை விழுந்து தலையை உடைத்துக்கொள்வாள் என்று நான் மறித்தேன். “நான் கூடப் போறன், நீ பயப்பிடாதை” என்று அண்ணை கூட்டிப் போனார். இரண்டு கிழமை கரையில் இருந்து பார்த்தார். மூன்றாம் கிழமை அவரே தடியோடு பனியில் நின்றார்.

எனக்குப் பயம் மட்டுமல்ல, வெட்கமும் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“இவ்வளவு காலமும் கூட்டினது காணாதே அண்ணை? விளையாட்டிலயும் தும்புத்தடியோ? சனம் என்ன சொல்லும்?”

“சனம் சொல்லட்டும். இது சந்தோசத்துக்குக் கூட்டுறது.”

குசினிக்குள் இருந்து அண்ணி குரல் கொடுத்தார். “வீட்டில ஒருநாள் தும்புத்தடியைத் தொட்டதில்லை. அங்க போய் ஊரான்ரை பனியைக் கூட்டுறார்!”

சனிக்கிழமைகளில் அண்ணையைக் காணவில்லையே என்று கேட்ட உறவினர்களுக்கு, உடற்பயிற்சிக்குப் போகிறார் என்று சொல்லி வைத்தேன். உங்களில் சிலருக்கும் அப்படித்தான் சொன்னேன்.

அண்ணை, மதுரா, அவளுடைய தோழி, தோழியின் தகப்பன், இவர்கள் நால்வரும் ஒரு அணி. அந்தப் பனிக்காலம் முழுவதும் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில்தான் அண்ணையின் இருதயக் குழாயில் அடைப்பு எடுத்திருந்தார்கள். விளையாடலாம் என்று வைத்தியர் சொன்னார். நான் நம்பவில்லை.

பருவத்தின் கடைசியில் குடும்பங்களுக்கான போட்டி வந்தது. முதல் இரண்டு ஆட்டத்தையும் ஒவ்வொரு புள்ளியால் தட்டுத்தடுமாறி வென்றுவிட்டார்கள். இறுதி ஆட்டம் என்று மதுரா தொலைபேசியில் கத்தினாள். அண்ணியையும் ஏற்றிக்கொண்டு, நாக்குக்குக் கீழே அடிக்கும் மருந்தையும் சுடுதண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டத்தைப் பார்க்கப் போகவில்லை, நிறுத்தப் போனேன்.

“வாங்கோ அண்ணை, வீட்டை போவம். இரண்டு ஆட்டம் ஆடியாச்சு, காணும்.”

“இன்னும் ஒண்டுதான். மூச்சு வாங்கினா நானே நிப்பாட்டுவன்.”

“அம்மா, ப்ளீஸ்!” என்றாள் மதுரா. “அந்தக் கண்ணாடிக்குப் பின்னால போய் இருங்கோ. மாமாவை டென்ஷன் ஆக்காதேங்கோ.”

எதிரணி, ஒரே நிறச் சட்டை போட்டு வருடா வருடம் வெல்லும் ஒரு குடும்பம். பாதி ஆட்டத்தில் அவர்கள் மூன்று புள்ளி முன்னால். அப்போது அண்ணை முழங்காலில் நின்று, கன்னம் பனியில் முட்டுமளவுக்குக் குனிந்தார். விழுந்துவிட்டார் என்று நான் துள்ளி எழுந்தேன். அவரோ மதுராவைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். கழுவின தரையில் ஈரக்கோடு நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அவர் எப்போதும் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்ப்பாராம். அன்று சனம் கூடி, கதவு திறந்து திறந்து மூட, வாசல் பக்கத்துப் பனியில் மெல்லிய வெண்படலம் படிந்திருந்தது. அந்தப் பக்கம் கல் பாதியில் நின்றுவிடும். மற்றப் பக்கத்தால் விடச் சொன்னாராம். அதன்பிறகு எதிரணியின் கற்கள் ஒவ்வொன்றாக வழியிலேயே நின்றன. புள்ளிகள் சமனாகின.

கடைசிக் கல் மதுராவுடையது. பயத்தில் மெதுவாக விட்டுவிட்டாள். அது போய்ச் சேராது என்று எனக்கே தெரிந்தது. அண்ணையும் தோழியின் தகப்பனும் தேய்த்துக்கொண்டு ஓடினார்கள். பாதியில் அந்த மனிதர் வழுக்கி இருந்துவிட்டார். அண்ணை தனியே. நீளமாக, ஒரே சீராக, இருபத்திரண்டு வருடம் பழகிய கை. முகம் சிவந்துவிட்டது. நிறுத்தச் சொல்லத்தான் நான் எழுந்து கண்ணாடியில் அடித்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

“கூட்டுங்கோ அண்ணை! விடாதேங்கோ, கூட்டுங்கோ!”

“மெதுவா அடி, கண்ணாடி உடையப் போகுது” என்று அண்ணி என் கையைப் பிடித்தார்.

கல் எதிரணியின் கல்லைத் தாண்டி ஒரு சாண் உள்ளே போய் நின்றது. அண்ணை அப்படியே பனியில் இருந்துவிட்டார். நான் மருந்தோடு ஓடினேன். அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தார்.

“சப்பாத்தைக் கழட்டு பிள்ளை, தரை ஊத்தையாகுது!”

அந்த விளையாட்டில் வென்றவர்கள் தோற்றவர்களை ஒரே மேசையில் இருத்திக் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். அண்ணை வாங்கிக் கொடுத்தார், தனக்கு இஞ்சிச் சோடா எடுத்தார். எதிரணிப் பெரியவர், இப்படித் தேய்க்க எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். நான் குனிந்துகொண்டேன். “கட்டடங்கள் கிளீன் பண்ணி. இருபத்திரண்டு வருசம்” என்றார் அண்ணை, தன் ஆங்கிலத்தில். அந்த மனிதர் அண்ணையின் கையை வாங்கி, உள்ளங்கையைத் திருப்பித் தன் மகன்மாருக்குக் காட்டினார்.

அதன்பின் எட்டு மாதம் அண்ணை எங்களோடு இருந்தார். நல்ல மாதங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணி கேட்டார். அண்ணி கொண்டு வருவதற்குள் இருந்த கதிரையிலேயே போய்விட்டார். விளையாடியதால் வந்ததல்ல என்று வைத்தியர் சொன்னார். நான் இரண்டாம் தரமும் கேட்டேன், அதையேதான் சொன்னார்.

செய்தி கேட்டவுடன் ஓடிவந்தவர்களுக்கும், ஒஷாவாவிலிருந்து அந்தக் கொட்டும் பனியில் ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்த அண்ணியின் தங்கை குடும்பத்துக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயருக்கும், தடிகளைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் வரிசையாக நின்று அண்ணையை வழியனுப்பிய கேர்லிங் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அண்ணை போன அன்று மரண அறிவித்தலை எழுதிக் கொடுத்தது நான். “மிசிசாகா கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தின் முன்னாள் மேற்பார்வையாளர்” என்று எழுதினேன். அத்தனையும் பார்த்த பிறகும் கை அப்படித்தான் எழுதியது. மதுரா வாசித்துவிட்டு, “மாமா சூப்பர்வைசரா இருந்தவரா, அம்மா?” என்று கேட்டாள். அன்று நான் அதைத் திருத்தவில்லை.

அந்த அறிவித்தலை எடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணை துப்புரவுத் தொழிலாளி.

அன்புத் தங்கை