பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

நான்காவது தடவையும் நிறுவ முடியவில்லை என்றது லேப்டாப். காரணம் சொல்லவில்லை. மதியம் மூன்று மணி. ஆறரைக்குத் திருவிழாப் பூசை. மாதா கோவிலின் பாடல் மாடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாவற்றையும் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்றிருந்தது. அதற்கும் எழுந்து நடக்க வேண்டுமே.

என் மனைவி இந்தக் கோவிலில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். தொண்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் மறுபடி பாடப் போகிறாள். குரல் எந்த வரியில் கைவிடும் என்று அவளுக்கே தெரியாது. எங்களுக்கு வயலின், தபேலா எல்லாம் பதிவு செய்த இசைதான். அது ஓடும்போதே சுதியை இறக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருந்தேன். பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் அரைச் சுரம் இறங்கும். ஆனால் அதற்கான பிளக்இன் என்கிற குட்டி மென்பொருள் லேப்டாப்பில் ஏறினால்தான் பொத்தானுக்கு உயிர். இப்போதைக்குப் பெட்டியில் விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

வயரை மாற்றிப் பார்த்தேன். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கீழே கடைசி பெஞ்சில் அவள் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். கேட்காததுதான் இன்னும் சோர்வாக இருந்தது.

கடைசியில் பக்கத்து ஊரான நாசரேத்தில் கீபோர்டு பழுது பார்க்கும் நண்பருக்குப் போன் போட்டேன்.

“எந்த ஃபோல்டர்ல போய் நிக்கு? அப்படியே வாசியும்.”

“யூசர்ஸ். அதுக்குள்ள சிலுவை, பக்கத்துல என் பேரு.”

“நில்லும். சிலுவையா?”

எங்கள் கரையில் எதை எழுதினாலும் தலையில் ஒரு சிலுவை போட்டுத்தான் எழுதுவோம். பள்ளிக்கூட நோட்டு, மளிகைச் சீட்டு, எதுவும் தப்பாது. லேப்டாப் வாங்கிய அன்று அது பெயர் கேட்டபோது, என் மனைவி தன் போனிலிருந்து ஒரு சிலுவையை எடுத்து முன்னால் ஒட்டினாள். அந்தப் பெயரிலேயே ஃபோல்டரும் உண்டாகிவிட்டது. பிளக்இன்னுக்கோ இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாதாம்.

“நாங்களும் வேதக்காரங்கதாம் வே. கம்ப்யூட்டருக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கிறதில்ல,” என்று சிரித்தார், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவரான அவர். “பேர மாத்துனா போதாது. சிலுவை இல்லாம புதுசா ஒரு யூசர் போடும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போட்ட சிலுவையை, அதுவும் இன்றைக்குப் பார்த்து எடுக்கப் பயமாக இருந்தது. கீழே போய்ச் சொன்னேன்.

“மாதாவுக்குத் தெரியாதா? எடுத்துருங்க,” என்றாள், காற்றாகிப்போன குரலில்.

ஐந்தே காலுக்கு பிளக்இன் ஏறியது.

பூசையில், மாடத்தில் எனக்கு முன்னால் நின்று, முதல் வரியைப் பழைய சுதியிலேயே எடுத்தாள். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்தினாள். அமுக்கினேன். மறுபடி தாழ்த்தினாள். மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை அமுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் பழைய குரல் திரும்பி வரும் என்று நான் காத்திருந்திருக்கிறேன். அவள் காத்திருக்கவில்லை. மிச்சமிருந்த குரலில் நிதானமாகப் பாடிக்கொண்டு போனாள்.

பாட்டு முடியும்வரை பொத்தான் மேலேயே விரலை வைத்திருந்தேன். அவள் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.