கழற்றி வைத்த கூண்டு

பாபநாசத்துக்கு அருகே ஓர் அரிசி ஆலையில், பெல்ட்டில் சேலை சிக்கி ஒரு பெண்ணின் வலது கை போய்விட்டது. விசாரித்து வாக்குமூலம் வாங்க என்னை அனுப்பினார்கள். தொழிற்சாலை ஆய்வாளராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

அப்போது டெல்டா முழுக்கக் கூலித் தகராறு. செங்கொடி ஏறிய தெருக்களின் முனையில் போலீஸ் வேன் நிற்கும். ஆலை முதலாளிதான் அந்த ஊரின் பெரிய மிராசுதார். ஆலையில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் அவருடைய இடத்தில் குடிசை போட்டிருந்தவர்கள்.

ஆபீஸ் அறையில் முதலாளி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்த மூன்று பெண்களும் அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "அவதாங்க பாக்காம குனிஞ்சா."

அவரை வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு. நாக்குத்தான் எழவில்லை. கடைசியில், "ஐயா, கொஞ்சம் வெளியில இருங்க" என்றபோது என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் சிரித்தார். "தாராளமா கேளுங்க தம்பி. சாயங்காலம் எந்த பஸ்ஸுல திரும்புறீங்க?"

போகும்போது கணக்குப்பிள்ளையை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போனார்.

நான்காவதாக வந்தவள் நெல் அவிக்கும் பெண். முப்பது வயதிருக்கும். "அவதாங்க பாக்காம குனிஞ்சா" என்று ஜன்னல்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள். நான் எழுதக் குனிந்ததும், உதடு அசையாமல், "கூண்டு எங்கன்னு கேளுங்க சார்" என்றாள்.

பேனா நின்றுவிட்டது. இதை அவள் சொன்னதாக எழுதினால் பொழுது சாய்வதற்குள் அவளுக்குக் குடிசை இருக்காது. எழுதவில்லை. எழுந்து இயந்திரத்திடம் போனேன். பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய இரும்புக் கூண்டைக் காணோம். அது இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள் துருவேறாமல் பளபளத்தன. தேடியதில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கூண்டு கிடந்தது.

"யாரு சொன்னா?" முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"யாரும் சொல்லலீங்க. ஓட்டை தெரியுது."

பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு மைல் வாய்க்கால் கரையில் நடக்க வேண்டும். இரண்டு சைக்கிள்கள் என்னை முந்தாமல் பின்னாலேயே வந்தன. நான் நின்றால் செயின் சத்தமும் நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வாக்குமூலம் இருந்த பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருப்பது தெரிந்தது.

வழக்கு நடந்தது. நெல் அவிக்கும் அந்தப் பெண்ணை நான் சாட்சியாகச் சேர்க்கவில்லை. கை இழந்தவளை அழைத்துக்கொண்டு அவளாகவே அரசு வக்கீலிடம் வந்தாள். கூண்டைக் கழற்றச் சொன்னது யார் என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னாள். முதலாளிமேல் குற்றம் உறுதியானது.

கோர்ட்டுக்கு வெளியே வந்ததும், "இனிமே எங்க இருப்பீங்கம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"குடிசைய நேத்தே பிரிச்சிட்டாங்க சார். பட்டுக்கோட்டையில எங்க அக்கா இருக்கு. தேங்கா உரிக்கப் போறோம். நான் உரிப்பேன், இவ எண்ணிப் போடுவா."

மறு வருஷம் அந்த ஆலைக்கு ஆய்வுக்குப் போகும் முறை எனக்கு வந்தது. நான் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.