அத்தை வீட்டுப் பக்கத்துக் கல்லூரி

வேதா காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் கட்டண கவுண்டரில் வேலை பார்க்கிறாள். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்காமல், "எதுல ஃபீஸ் குறைச்சல் மேடம்?" என்று வந்து நிற்கும் அப்பாக்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் குமட்டிப் போயிருந்தது. அப்படி ஒருவர் சேலையூரில் தன் வீட்டு சோபாவிலேயே பனியனோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது.

மகள் சின்மயிக்கு அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. அயோவாவில், சோளக் காடுகளுக்கு நடுவே இருந்தது சிறிய கல்லூரி. அவள் ஆசைப்பட்ட உயிரியல் அங்கே பிரமாதம். கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போட வேண்டும். இன்னொன்று நியூ ஜெர்சியில். கட்டணமே குறைச்சல் என்பதால் தள்ளுபடி சொற்பம், உயிரியல் பேருக்கு. ஆனால் வேதாவின் கணவர் ஸ்ரீநிவாசராகவனின் தங்கை ஜெயஸ்ரீயின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அவர் பாடத்திட்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேப்பைத்தான் பார்த்தார். "பெருமாள் கோவில்கூட பக்கத்துலயே இருக்கு."

"டிகிரியை அங்க குடுக்கறாளா?" என்றாள் வேதா.

ஞாயிற்றுக்கிழமை ஜெயஸ்ரீ வீடியோவில் வந்தாள். "மன்னி, கவலையே படாதேங்கோ. சின்மயி எங்காத்துல இருக்கட்டும். ஒரு பைசா வேண்டாம்."

ஸ்ரீநிவாசராகவன் முகம் மலர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"ஏன்டி சின்மயி, டிரைவிங் கத்துக்கோ. மத்தியானம் கிளாஸ் வெச்சுக்காதே. மூணு மணிக்கு குழந்தைகளை ஸ்கூல் பஸ்லேர்ந்து கூட்டிண்டு வரணும். தோசைக்கு அரைக்கத் தெரியுமோன்னோ? குழந்தைகளைப் பாத்துக்கற நானிக்கு மாசாமாசம் கொட்டி அழறேன், ஆகஸ்டோட நின்னுக்கோன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கென்னம்மா, நம்மாத்துக் குழந்தைகள்தானே" என்றார் அண்ணா.

சின்மயி கீழே பார்த்தபடி, "பரவாயில்லை அத்தை" என்றாள்.

அந்தப் பரவாயில்லையைத்தான் வேதாவால் பொறுக்க முடியவில்லை. பதினேழு வயசுப் பெண், தனக்கு ஒரு பேரம் நடப்பது தெரிந்து, அப்பாவுக்காகத் தலையாட்டுகிறாள்.

"ஜெயஸ்ரீ, அந்த நானியை நிறுத்தாதே" என்றாள் வேதா. போனை வாங்கி அணைத்தாள்.

"சொந்தத்தை ஒரு வார்த்தைல வெட்டிட்டியே! விடுதிக்கு எங்கேர்ந்து வரும்?"

"கூடுவாஞ்சேரி மனையை வித்துடலாம்."

"அது அவ கல்யாணத்துக்கு!"

"ஏன்னா, என் பி.எஃப். பணத்துல வாங்கினது. எதுக்குன்னு நான் சொல்றேன். உங்க பொண்ணைச் சம்பளமில்லாத ஆயாவா அனுப்பறேளே, கூசலையா?"

அவர் செல்லை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வேதா மகளிடம் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, அயோவாவுக்கு முன்பணம் கட்டினாள். சின்மயி திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

பால்கனியிலிருந்து குரல் வந்தது. குழைகிற குரல். "மன்னி பேசினதை மனசுல வெச்சுக்காதேம்மா. மே மாசம் லீவு விட்டதும் நேரா உங்காத்துக்குத்தான். மூணு மாசம் நீயே வெச்சுக்கோ."

வெச்சுக்கோ. ஏதோ பழைய கிரைண்டரைத் தள்ளிவிடுகிற மாதிரி.

"லீவுக்கு நீ இங்க வரே. டிக்கெட் என் பொறுப்பு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, வேதா பால்கனிக் கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழும் போட்டாள்.