காற்றாடிச் சக்கரத்தில் கட்டிய இரும்பு

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆட்கள் கீழே இறங்கும் குழியான ஷாப்டின் வாயருகே நின்று கையால் காற்றாடிச் சக்கரத்தைச் சுற்றுவது என் வேலை. அந்தக் காற்று குழாய் வழியாகக் கீழே பாறை உடைப்பவர்களுக்குப் போகும். என் அக்கா புருஷனும் அவர்களில் ஒருவர்.

"நீ கை மாத்தறப்போ காத்து நின்னுடுது மச்சான். மூச்சு முட்டுது" என்றார் ஒருநாள்.

இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். சக்கரத்தின் ஆரக்கால்களில், அச்சுக்குப் பக்கத்தில், நான்கு இரும்புத் துண்டுகளைக் கம்பியால் கட்டினேன். பலனில்லை. கையை எடுத்ததும் சக்கரம் முன்போலவே நின்றது. மறுநாள் அதே துண்டுகளை அவிழ்த்து விளிம்பில் கட்டினேன்.

"அதே இரும்புதானே, எங்க கட்னா இன்னா?" என்றார் வேலையை மேற்பார்க்க வந்த மேஸ்திரி.

"ஒரு தபா சுத்திப் பாக்கறேன், இருங்க."

சக்கரத்தைக் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் வேகம் பிடித்தபின், நான் கையை எடுத்தும் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

ஷிப்ட் முடிந்து மேலே வந்த அக்கா புருஷன், "இன்னிக்கு நீ கை மாத்தவே இல்லியா?" என்று கேட்டார்.

"எத்தினியோ தபா மாத்தினேன்" என்றேன்.

அடுத்த நாள் மேஸ்திரியே கம்பியோடு வந்து, பக்கத்து ஷாப்டின் காற்றாடிக்கும் இரும்பு கட்டச் சொன்னார்.